இருபத்தேழு நிமிடக் காத்திருப்பு

2012இல் ஒரகடத்தில், கார்களுக்கு வயர் ஹார்னஸ் கட்டும் ஓர் ஆலையில் வேலை பார்த்தேன். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போகும் தவற்றில் என் பங்கு பெரியது. அந்தப் பெயரை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

வயர் ஹார்னஸ் என்பது காருக்குள் ஓடும் மின்கம்பிகளின் கட்டு. முகப்பு விளக்கிலிருந்து பின்கதவுப் பூட்டு வரை போகும் வயர்களை ஒரு பெரிய பலகையில் அதனதன் தடத்தில் இழுத்துப் பதித்து, கனெக்டர் செருகி, கிளிப் மாட்டி, டேப் சுற்றிக் கட்டாக்க வேண்டும். நெளியும் வயரைப் பிடித்து வளைக்க மனிதக் கைதான் சரிப்படுகிறது. அதிலும் பெரும்பாலும் பெண்களின் கை. பலகைகள் கன்வேயரில் நகர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் லைனில் 40 பெண்கள் நின்றார்கள். செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர், அச்சிறுபாக்கம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி வருபவர்கள். ப்ளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள்.

இந்த 40 பேரைத் தவிர மூன்று ரிலீவர்கள் உண்டு. லைனில் நிற்கும் ஒருத்திக்குக் கழிப்பறை போக வேண்டுமென்றால் கையைத் தூக்குவாள். ரிலீவர் வந்து அவள் இடத்தில் நின்ற பிறகுதான் அவள் நகரலாம். அவளுக்காகப் பலகை நிற்காது. அதனால் ரிலீவருக்கு 40 இடத்து வேலையும் அத்துப்படியாக இருக்க வேண்டும். மூவரில் மூத்தவரை எல்லோரும் வந்தவாசி அக்கா என்றே கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வயது, திருமணமானவர், கான்ட்ராக்ட். லைனிலேயே அதிக வேலை தெரிந்தவரும் அவர்தான், நிரந்தரம் ஆகாதவரும் அவர்தான்.

நான் டிரெய்னி இன்ஜினீயர். எனக்குக் கொடுத்த வேலை, அந்த லைனைக் கணினிக்குள் கட்டுவது.

சிமுலேஷன் என்பது பெரிய மாயவித்தை அல்ல. ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். யார் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மணிக்குச் சுமார் எத்தனை பேர், ஒருவருக்கு அரிசி பருப்பு அளந்துபோடக் குறைந்தது எவ்வளவு நேரம், அதிகம் போனால் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இதைக் கணினியிடம் கொடுத்தால் அது தாயக்கட்டை உருட்டுவது மாதிரி எண்களை உருட்டி, நடக்காத ஒரு நாளை நடத்திக் காட்டும். அப்படிப்பட்ட ஆயிரம் நாள்களைச் சில நிமிடங்களில் ஓட்டிவிடும். இரண்டாவது தராசு வாங்கினால் வரிசை எவ்வளவு குறையும் என்று தராசு வாங்காமலே தெரிந்துகொள்ளலாம். ஆலைகளில் இதை வைத்துத்தான் இன்னொரு இயந்திரம் வாங்குவதா, மூன்றாவது ஷிஃப்ட் போடுவதா, ஆளைக் குறைப்பதா என்று முடிவெடுக்கிறார்கள்.

மூன்று வாரம் ஸ்டாப்வாட்சோடு லைனில் நின்றேன். ஒவ்வொரு இடத்திலும் முப்பது தடவை நேரம் எடுத்தேன். என்னைப் பார்த்ததும் கைகள் மெதுவாகும். பத்து நிமிடத்தில் பழைய வேகத்துக்கு வந்துவிடும். ரிலீவரைக் கூப்பிடும் எண்ணிக்கையையும் குறித்தேன். இடைவேளைகள் போக 8 மணி நேர ஓட்டத்தில் சராசரியாக 40 அழைப்பு, ஆளுக்கு ஒன்று. போய்வரச் சராசரியாக 9 நிமிடம். கழிப்பறை ஷெட்டின் மறுகோடியில் இருந்தது. மென்பொருளில் இதையெல்லாம் பதிந்தபோது ஒன்றைக் கவனித்தேன், ஆனால் அப்போது அது எனக்கு உறுத்தவில்லை. டெஸ்டிங் மெஷின், தள்ளுவண்டி, ஃபோர்க்லிஃப்ட், பெண் எல்லாமே அதில் ஒரே பட்டியலில்தான் வரும். பட்டியலின் பெயர் ‘ரிசோர்ஸ்’. ஒவ்வொன்றும் ஒன்று வேலையாக இருக்கும், இல்லை சும்மா இருக்கும்.

மாதிரி ஓடியது. ரிலீவர் ஒவ்வொருவரும் வேலை நேரத்தில் 25 சதவீதம்தான் ‘வேலையாக’ இருந்தார்கள். என் ஸ்லைடில் எழுதினேன்: மூன்று ரிலீவருக்குப் பதில் ஒருவர் போதும், பயன்பாடு 75 சதவீதமாக உயரும், உற்பத்திக்குப் பாதிப்பு இல்லை. கூட்டத்தில் பத்து நிமிடம்கூட விவாதம் நடக்கவில்லை. என்னைப் பாராட்டினார்கள். அடுத்த மாதம் வந்தவாசி அக்காவின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. இன்னொருவரை வேறு லைனுக்கு மாற்றினார்கள்.

*

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததெல்லாம் பிற்பாடுதான். படிக்கப் படிக்க, அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் வேலை செய்யும் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன்.

முதல் திருப்பம் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் இணைப்பகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் கையால் கம்பியைச் செருகி இணைப்புத் தர வேண்டும். அநேகமாக எல்லா ஊரிலும் அது பெண்கள் வேலை. எத்தனை இணைப்புக் கம்பி போடுவது, எத்தனை ஆபரேட்டர் வைப்பது? குறைத்தால் சந்தாதாரர் காத்திருந்து கோபப்படுவார், கூட்டினால் செலவு. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த கணிதவியலாளர் எர்லாங், அழைப்புகள் ஒழுங்கில்லாமல் வருவதற்குள்ளும் ஓர் ஒழுங்கு இருப்பதை 1909இல் எழுதிக் காட்டினார். 1917இல் காத்திருப்புக்கான சூத்திரங்களைக் கொடுத்தார். வரிசைக் கோட்பாடு என்று கல்லூரியில் நாம் படிப்பது இவற்றில் பிறந்ததுதான். அந்தக் கணக்கில் காத்திருப்பவர் காசு கொடுக்கும் சந்தாதாரர். அவருடைய காத்திருப்பைத்தான் அது அளந்தது. ஆபரேட்டர் பெண் எதற்காவது காத்திருக்கிறாளா என்பது கேள்வியாகவே வரவில்லை.

இரண்டாவது திருப்பம் அமெரிக்காவில், 1948இல். அணுகுண்டுக்குள் நியூட்ரான்கள் எப்படிப் பெருகும் என்பதை நேரடியாகக் கணக்கிட முடியாமல், எண்களை உருட்டிப் பார்க்கும் வழியை உலாமும் ஃபான் நாய்மனும் யோசித்தார்கள். சூதாட்ட நகரின் பெயரில் ‘மான்டி கார்லோ’ என்று அழைக்கப்பட்டது. யோசனையை இயந்திரம் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக எழுதியவர் கிளாரா ஃபான் நாய்மன். புடாபெஸ்டில் பிறந்தவர், சிறுவயதில் பனிச்சறுக்கு நடனத்தில் பரிசு வாங்கியவர், கணிதப் பட்டம் எதுவும் இல்லாதவர். எனியாக் கணினியில் அந்த வசந்தகாலத்தில் ஓடிய முதல் மான்டி கார்லோ கணக்கு அவர் கையால் போனது. அது முடிந்தபோது அவர் 15 பவுண்டு எடை குறைந்து ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது என்று அவர் கணவர் உலாமுக்கு எழுதினார். நெடுங்காலம் அவரை ‘மேதையின் மனைவி’ என்று மட்டுமே சொல்லிவந்தார்கள். அவர் வேலையின் முழு அளவும் இந்த நூற்றாண்டில்தான் ஆவணங்களிலிருந்து வெளியே வந்தது. அவரைக் கொண்டாடும்போது, அந்தக் கணக்கு எதற்காகப் போடப்பட்டது என்பதையும் நான் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

ஆலைக்குள் இது வந்தது ஷெஃபீல்டின் இரும்பு ஆலைகள் வழியாக. 1950களின் கடைசியில் யுனைடெட் ஸ்டீல் கம்பெனியில் கீத் டோச்சர், ஓர் ஆலையைப் பல இயந்திரங்களின் தொகுப்பாகப் பார்க்கும் நிரலை எழுதினார். ஒவ்வொரு இயந்திரமும் ஏதாவது ஒரு நிலையில் இருக்கும். ஒரு நிகழ்ச்சி நடந்தால் நிலை மாறும். உலைகளுக்கும் கிரேன்களுக்கும் பொருத்தமான பார்வை. என் ரிசோர்ஸ் பட்டியல் இந்தக் குடும்பத்தில் வந்ததுதான்.

இதற்கு இணையாக இன்னொரு கிளை ஓடியது: வேலை ஆய்வு. இந்தியாவுக்கு அதைப் பெரிய அளவில் கொண்டுவந்ததில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்குப் பங்கு உண்டு. 1950களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தித்திறன் குழு இங்கே வந்தது. 1957இல் வேலை ஆய்வுக்கான அறிமுக நூலை அது வெளியிட்டது. அதன் பிற்காலப் பதிப்புதான் எங்கள் தலைமுறை வரை பாடப்புத்தகம். அதில் ஓர் அட்டவணை வரும். வேலைக்கு ஆகும் நேரத்தோடு எவ்வளவு ‘சலுகை’ சேர்ப்பது என்பதற்கானது. சொந்தத் தேவைகளுக்கு, அதாவது தண்ணீர், கழிப்பறை, கை கழுவுவதற்கு, ஆணுக்கு 5 சதவீதம், பெண்ணுக்கு 7. நின்று செய்யும் வேலையென்றால் ஆணுக்கு இன்னும் 2, பெண்ணுக்கு 4. சொந்தத் தேவையில் இருக்கும் அந்த 2 சதவீத வித்தியாசம் எட்டு மணி நேரத்துக்கு 9.6 நிமிடம். பெண்ணுடலுக்கு வேலை ஆய்வு ஒதுக்கிய கூடுதல் நேரம் இவ்வளவுதான். எங்கள் ஆலை அந்த அட்டவணையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே சதவீதம். சமத்துவம் இப்படியும் வரும்.

அந்தச் சலுகை தாளில்தான் இருக்கும். தனி மேசையில் உட்கார்ந்து தைக்கும் பெண் நினைத்தபோது எழுந்து போகலாம், திரும்பி வந்து வேகமாகத் தைக்கலாம். நகரும் கன்வேயரில் அது முடியாது. கன்வேயரில் அந்த 5 அல்லது 7 சதவீதத்துக்கு உயிர் கொடுப்பவர் ரிலீவர் ஒருவரே. அவர் இல்லையென்றால் அந்த எண் வெறும் எண்.

*

அந்த லைனில் அந்தப் பெண்கள் வந்து நின்றதே ஒரு தனிக் கதை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996இல் அடிக்கல் நாட்டி 1998இல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. அப்போது கார் ஆலை ஆண்களின் இடம். இந்த வட்டாரத்தில் பெண்கள் பெருங்கூட்டமாக ஆலைக்குள் போனது செல்பேசியோடு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 நேரடித் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் என ஒரகடம் நிரம்பியது. கார் வந்தால் அதன் பின்னாலேயே சீட், கண்ணாடி, ஹார்னஸ் ஆலைகள் வரும். ஹார்னஸ் வந்தால் பெண்கள் வருவார்கள்.

இவர்கள் இரவு ஷிஃப்டில் நிற்க முடிந்ததற்கு முன்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஆலையில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அது பாலினப் பாகுபாடு என்று அந்தத் தடையை ரத்து செய்து, பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது. நமக்குக் கிடைத்த உரிமைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே சமயம், மூன்று ஷிஃப்ட் ஓட வேண்டிய செல்பேசி ஆலைக்குப் பெண்களே வேண்டும் என்றிருந்த காலத்துக்குச் சற்று முன்னால் அது வந்தது என்பதையும் பார்க்கிறேன். பெண் கேட்ட சமத்துவமும் முதலாளி கேட்ட நேரமும் ஒரே கதவு வழியாக உள்ளே போயின.

2010 இறுதியில் நோக்கியா ஆலைக்குள் ஓர் இளம்பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். 2013இல் கம்பெனியின் செல்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவித்தது. வரித் தகராறில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! எந்த மாதிரியிலும் மனிதர்கள் இவ்வளவு எளிதாகப் பூஜ்யம் ஆவதில்லை.

*

எங்கள் ஆலைக்குத் திரும்புகிறேன். 2013 கோடையில் ஒரு நாள் ஸ்டாஃப் வண்டி பழுதாகி, நான் தொழிலாளர் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் எங்கள் லைன் பெண். வெயில் கொளுத்தியது. என் பாட்டிலை நீட்டினேன். வாங்கி மூச்சு விடாமல் குடித்தாள்.

“லைன்ல தண்ணி வெச்சிருக்காங்களேம்மா, குடிக்கலையா?”

“லைன் ஏறினா குடிக்க மாட்டோம் மேடம். குடிச்சா போகணும். போகணும்னா அக்கா வரணும். ஒரே அக்கா, நாப்பது பேரு. கைய தூக்கிட்டு அரை மணி நேரம் நிக்கிறதுக்கு, குடிக்காமயே இருந்துடலாம்.”

முன் சீட்டில் இருந்தவள் திரும்பி, “எரிச்சலா இருந்தா இளநி குடிச்சிக்குவோம் மேடம்” என்று சிரித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். இரண்டு பேர் சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மாதவிடாய் நாள்களில் இரண்டு நாப்கின்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு வருவாள். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ‘மேலேர்ந்து’ வந்தது, அவ்வளவுதான்.

அன்று இரவு மாதிரியைத் திறந்து பார்த்தேன். ஒரு பெண் கை தூக்கி, ரிலீவர் வேறு இடத்தில் இருந்தால் என்ன ஆகும்? அவள் காத்திருப்பாள். மென்பொருளுக்கு அது தெரியும். ஆனால் அந்தக் காத்திருப்பால் பலகை நிற்காது, எண்ணிக்கை குறையாது. அதனால் அதை அறிக்கையில் காட்டும்படி நான் கேட்டிருக்கவில்லை. பலகைகள் எங்கே எத்தனை வினாடி காத்திருந்தன என்று மட்டும் பன்னிரண்டு பக்கத்துக்கு அட்டவணை எடுத்திருந்தேன்.

கணினிகூட வேண்டாம், எர்லாங்கின் சூத்திரமே போதும். 480 நிமிடத்தில் 40 அழைப்பு என்றால் 12 நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 9 நிமிடம். ரிலீவர் ஒருவர்தான் என்றால் அவர் 0.75 பங்கு நேரம் வேலையாக இருப்பார். சராசரிக் காத்திருப்பு: 0.75ஐ மீதமுள்ள 0.25ஆல் வகுத்தால் 3; அதை 9ஆல் பெருக்கினால் 27 நிமிடம். அதே சுமைக்கு இரண்டு ரிலீவர் இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். மூன்று பேர் இருந்தால் பத்து வினாடிக்குச் சற்று மேல். அழைப்பும் போய்வரும் நேரமும் ஒழுங்கில்லாமல் மாறும் என்று எர்லாங் வழியில் வைத்துக்கொண்டு கிடைக்கும் நீண்டகாலச் சராசரி இது. ஷிஃப்ட் தொடங்கும்போது வரிசை இருக்காது என்பதால் முதல் மணி நேரம் இவ்வளவு ஆகாது. ஆனால் ‘அரை மணி நேரம்’ என்று பஸ்ஸில் அந்தப் பெண் சொன்னது மிகையல்ல.

நான் வீண் என்று கண்ட அந்த 75 சதவீதச் ‘சும்மா’ இதற்குத்தான். மூன்று பேர் முக்கால்வாசி நேரம் சும்மா நின்றதால்தான் கை தூக்கியவள் பத்து வினாடியில் போக முடிந்தது. தீயணைப்பு வண்டி நிலையத்தில் சும்மா நிற்பதை யாரும் வீண் என்று சொல்வதில்லை.

தொழிற்சாலைகள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆலையில் இருக்கும் எல்லா நேரமும் தொழிலாளி அணுகக்கூடியதாகக் கழிப்பறை இருக்க வேண்டும் என்றது. எங்கள் கழிப்பறை எப்போதும் திறந்தே இருந்தது. சுத்தமாகவும் இருந்தது. ஆய்வுக்கு வருபவர் அதைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போவார்.

அந்த வருடக் கடைசியில் மாதிரியைச் சரிபார்க்கும் வேலை வந்தது. மாதிரி சொன்னதும் நிஜத்தில் நடப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. மறுபடி அழைப்புகளை எண்ணினேன். 40 இருந்த இடத்தில் 22. காத்திருப்பும் சில நிமிடம்தான். பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். வரிசை தானாகச் சுருங்கியிருந்தது. உற்பத்தி மாதிரி சொன்னபடியே இருந்தது. ஆக, மாதிரி தேர்வில் தேறியது. மேலாளர் புது எண்ணைப் பார்த்து, “இருபத்திரண்டுதானா? அப்போ ஒரு ரிலீவரையே ரெண்டு லைனுக்கு வைக்கலாமே” என்றார்.

என் கணக்கு தப்பு என்று யாரும் எப்போதும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. மாதிரிக்கும் நிஜத்துக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை அந்தப் பெண்கள் தங்கள் சிறுநீர்ப்பையில் வைத்துச் சரிக்கட்டிவிட்டார்கள். பிறகு வரும் எந்தத் தரவும் அந்தச் சரிக்கட்டலுக்குப் பிந்தைய தரவாகத்தான் இருக்கும்.

27 நிமிடக் கணக்கைக் கொண்டுபோய் மேலாளரிடம் காட்டினேன். அவர் கொடுமைக்காரர் அல்ல. மகள் படிப்புக்காக அவரும் கவலைப்படுகிறவர்தான். “இது பழைய டேட்டாவும்மா. இப்ப டிமாண்ட் இல்லையே” என்றார். பஸ்ஸில் கேட்டதைச் சொன்னேன். முகம் சங்கடமாகிப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இரண்டு லைனுக்கு ஒருவர் என்ற யோசனையை மட்டும் விட்டார்கள். இரண்டாவது ரிலீவர் திரும்பி வரவில்லை. நான் 2015இல் வெளியே வந்தேன். அதுவரை சம்பளம் வாங்கினேன்.

*

மாதிரி கட்டும்போது முதல் வேலை எல்லை போடுவது. எது உள்ளே, எது வெளியே. நாங்கள் ஆலைச் சுவரையே எல்லையாகப் போட்டோம். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். இயந்திரம் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகும் என்பது உள்ளே வரும். பெண் எங்கே தூங்கினாள், என்ன சாப்பிட்டாள் என்பது வெளியே.

2021 டிசம்பரில் அந்த எல்லை உடைந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று சரியான பதில் கிடைக்காத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பல பேர் நெருக்கியடித்துத் தரையில் படுத்த அறைகளைப் பற்றிய செய்திகள் வெளியே வந்தன. நின்ற ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. உலகின் மிகக் கறாராகத் திட்டமிடப்படும் உற்பத்திகளில் ஒன்றை நிறுத்தியது ஒரு வேளைச் சாப்பாடு.

அதற்குப் பிறகு விடுதி கணக்குக்குள் வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகத்தை, சுமார் 706 கோடி ரூபாய் செலவில் சிப்காட் கட்டித் திறந்தது. நல்ல அறை, நல்ல தண்ணீர், வேண்டியதுதான். அதே வருடம் ஜூனில், ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுக்காமல் விடுகிறார்கள் என்ற ராய்ட்டர்ஸ் செய்தியும் வந்தது. விடுதி உள்ளே வந்தது, தாலி வெளியே போனது. எல்லைக் கோட்டை யார் போடுகிறார்கள் என்பதுதான் மாறவில்லை.

இப்போது ‘டிஜிட்டல் ட்வின்’ காலம். 2022இல் டிட்கோ, டசோ சிஸ்டம்ஸ், சீமென்ஸ் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து டைடல் பூங்காவில் இதற்கென மையங்களைத் தொடங்கியது. என் மாணவிகள் பலர் அந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறார்கள். போகட்டும், நான் தடுக்கவில்லை. முன்பு ஸ்டாப்வாட்சோடு ஒருத்தி போய் நின்றால், பஸ்ஸில் தப்பித்தவறி ஏறுவதற்காவது வாய்ப்பு இருந்தது. இப்போது சென்சாரே நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

வந்தவாசி அக்காவை 2023இல் தேடிப் போய்ப் பார்த்தேன். வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின், பக்கத்தில் பள்ளிச் சீருடைகள். அடையாளம் தெரிந்து, “மேடம்!” என்று எழுந்தார். டீ போட்டுக் கொடுத்தார். என் ஸ்லைடைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பொத்தான் காஜா எடுத்தார்.

“மூணு பேர்ல என்னைத்தான் எடுக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சா?”

“இல்லக்கா. ஒருத்தர் போதும்னுதான் நான் எழுதினேன். யாருன்னு அவங்க முடிவு பண்ணாங்க.”

“ஓ” என்றார். நூலைக் கடித்துத் துண்டித்தார். பிறகு, “அதுல எத்தனை நிமிஷம் போட்டீங்க, ஒரு ஆளுக்கு?”

“ஒன்பது.”

“ஒன்பதா? சும்மா போயிட்டு வர்றதுக்குச் சரி. தூரமானவளுக்கு? துணி மாத்தி, கையக் கழுவி, பேன்ட்ல பட்டிருந்தா அலசி... பன்னெண்டுக்குக் குறையாது. யாருக்கு என்னிக்குன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு அவ பக்கமாவே நிப்பேன், கைய தூக்குற வரைக்கும் விட மாட்டேன். நீங்க என்னை அப்ப கேட்டிருக்கலாமில்ல?”

திரும்பி வரும் பஸ்ஸில் போட்டுப் பார்த்தேன். நாலில் ஒரு அழைப்புக்கு 12 நிமிடம் என்று வைத்தால் சராசரி 9.75. ரிலீவரின் பயன்பாடு 81 சதவீதம். கூட்டத்தில் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். காத்திருப்பு 42 நிமிடம். எல்லோருக்கும் 12 என்றால் சூத்திரம் விடையே தருவதில்லை. வரிசை வளர்ந்துகொண்டே போகும்.